சுங்கை பூலோ நர்சரி வரிசை: புல்லை அங்கே வாங்கலாம், கல் பதிக்கும் வேலையை?

வீட்டுப் பின்பக்கத்தில் நாலு முழம் நிலம் வைத்திருக்கும் கோலாலம்பூர்க்காரர்கள் அதைச் சீர்செய்ய நினைத்தால் முதலில் காரைத் திருப்புவது சுங்கை பூலோவுக்குத்தான். 1930-இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கி, அதுவே இன்று சாலையோரம் நெடுக நர்சரிகளாக நிற்கிறது. செடி, புல், மண், கூழாங்கல், சிமெண்டில் வார்த்த நடைகல், நீரூற்று, புத்தர் சிலை என்று எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். "வீட்டுக்கே வந்து எல்லாம் செய்து தருகிறோம்" என்று சதுர அடிக் கணக்கில் மொத்த விலை சொல்லும் ஆட்களும் அங்கேயே கிடைப்பார்கள்.

புல்லுக்கும் மண்ணுக்கும் செடிக்கும் இந்த இடத்தை மிஞ்ச ஆளில்லை. கல் பதிக்கும் வேலைக்கு அதே ஆட்களை அமர்த்துவதென்றால், கொட்டேஷனில் சில வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த வரிகள் எவை என்பதற்கே இந்த விமர்சனத்தில் பாதி இடம் போகும்.

முதலில் புல். கவ் கிராஸ், பேர்ல் கிராஸ், பிலிப்பைன் புல், ஜப்பான் புல் என்று விற்கும் சோய்சியா, இந்த நாலுதான் சாதாரணமாகக் கிடைக்கும். கடைக்காரர் எது அழகு என்று காட்டுவார். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வெயில். டெரஸ் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பக்கம் சமையல்கட்டுச் சுவர், மறுபக்கம் அண்டை வீட்டு நீட்டிப்பு, மேலே பாலிகார்பனேட் கூரை. நேரடி வெயில் நாலு மணி நேரம் விழுந்தால் பெரிது. அங்கே சோய்சியா போட்டால் சில மாதங்களில் மெலிந்து, நடுவில் மண் தெரியும். கவ் கிராஸ் அகல இலைப் புல். பார்க்கக் கொஞ்சம் முரடு, ஆனால் அரை நிழலைத் தாங்கும், மிதியைத் தாங்கும், நம்ம ஊர் அமில மண்ணிலும் ஓடிப் படரும். அதன் குட்டை வகையான பேர்ல் கிராஸ் பார்வைக்கு இன்னும் கட்டுக்கோப்பானது, வெட்டும் வேலையும் குறைவு. மூலை வீடு, பங்களா என்று நாள் முழுதும் வெயில் விழும் இடமானால் சோய்சியா தாராளமாகப் போடலாம். ஆனால் மாதம் ஒருமுறை தோளில் மெஷின் மாட்டி வரும் புல்வெட்டுக்காரர் அதைத் தரையோடு சீவிவிட்டுப் போனால் பழுப்பு நிறம் மாறப் பல வாரம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலே எட்டிப்பார்க்காத மூலையில் எந்தப் புல்லும் வேண்டாம். கூழாங்கல்லோ நிழல் செடியோதான் அங்கே நிற்கும்.

புல் பத்தைகளை வாங்கும்போது அழுக்குப் பார்க்காமல் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். அடுக்கின் நடுவில் சூடு தெரிந்தால் அது வெட்டி நேரமாகிவிட்ட புல், உள்ளே மஞ்சளித்திருக்கும். ஒரு பத்தையைத் திருப்பினால் வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம் ஒட்டியிருக்க வேண்டும். "பாஸ், ரும்புட் இனி பிலா போத்தோங்?" என்று எப்போது வெட்டியது எனக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் நேற்றா இன்று காலையா என்று பதில் சொல்வார். பதிலுக்குப் பதில் "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று வந்தால் அடுத்த கடை. நம் வெயிலில் பத்தைகள் இறக்கிய அன்றே பதித்து முடிய வேண்டும், எனவே மண் வேலை முழுதும் முடிந்த பிறகே புல்லுக்குத் தேதி சொல்லுங்கள்.

கவ் கிராஸ் பத்தைகள் மண்வெட்டியால் கொத்தி எடுத்து வருபவை. அளவு ஒன்றுபோல் இருக்காது. "நூறு சதுர அடி" என்று இறக்கியது விரித்துப் பார்த்தால் தொண்ணூறாக இருக்கும். ஒரு வரிசை பரப்பி அளந்த பிறகே லோரியை விடுங்கள், ஐந்து முதல் பத்து விழுக்காடு கூடுதலாகவும் கேளுங்கள். பத்தையோடு இலவசமாக வரும் இரண்டு விருந்தாளிகள் கோரையும் தொட்டாற்சிணுங்கியும். தொட்டாற்சிணுங்கியைப் பிடுங்கிவிடலாம். கோரைக்குக் கீழே கிழங்கு உண்டு. மேலே பிடுங்கப் பிடுங்க அது முளைத்துக்கொண்டே இருக்கும். முக்கோணத் தண்டோடு விறைப்பாக நிற்கும் இலை பத்தையில் தெரிந்தால் அந்தப் பத்தையை ஒதுக்குங்கள்.

கொட்டேஷனில் 'குளோஸ் டர்ஃபிங்' என்று இருந்தால் இடைவெளியில்லாமல் அடுக்குவது, 'ஸ்பாட் டர்ஃபிங்' என்றால் இடைவிட்டுப் பதித்துப் படர விடுவது. இரண்டாவது ஏறக்குறையப் பாதிப் புல்லில் முடியும். கவ் கிராஸுக்கு அது போதும், இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். சரிவான நிலத்தில் மட்டும் வேண்டாம். ஒரு மாலை மழை போதும், இடைவெளி மண் அத்தனையும் லோங்காங்கில், அதாவது வடிகாலில், கிடக்கும்.

மண்ணில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். மூட்டையில் விற்கும் சுட்ட மண்ணும், 3:2:1 கலவை என்று தரும் கறுப்பு மண்ணும் தொட்டிக்கு. புல்லுக்குக் கீழே அதைப் போட்டால் அமிழ்ந்து பள்ளம் விழும், மழையில் சொதசொதவென்று நிற்கும். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலான தாமான்களில் (வீட்டுக் குடியிருப்புகளில்) பின்பக்கத்துத் தரை என்பது இறுகிய செம்மண், அதற்குள் வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல், சிமெண்டுக் கட்டி. அதை 15 சென்டிமீட்டர் கிளறி, கட்டிகளைப் பொறுக்கி, மேலே பாதி ஆற்று மணலும் பாதி மேல்மண்ணுமாக 10 சென்டிமீட்டர் போட வேண்டும். கிளறாமல் இறுகிய செம்மண் மேல் நல்ல மண்ணைப் பரப்பினால் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் தேங்கும், வேர் அழுகும். குற்றம் புல் மேல் விழும்.

பதித்த பின் காலை மாலை இரண்டு வாரம் தண்ணீர்; மழை பெய்த நாள் விட்டுவிடலாம். மூலையைத் தூக்கினால் வராமல் பிடித்துக்கொண்டிருந்தால் வேர் இறங்கிவிட்டது. மூன்று நாலு வாரத்தில் முதல் வெட்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 15:15:15 உரம் அதற்குப் பிறகு, சதுர மீட்டருக்கு 20 முதல் 30 கிராம், தூவியதும் தண்ணீர் விட்டுவிட வேண்டும். பதித்த அன்றே உரம் தூவும் ஆட்கள் இருக்கிறார்கள். அது புல்லைச் சுட்டுவிடும்.

இனி கல். நர்சரி வரிசையில் கிடைக்கும் நடைகற்கள், மரத்துண்டு போல வார்த்த சிமெண்டுப் பலகைகள், கூழாங்கற்கள் இவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கும் இன்டர்லாக் சிமெண்டுக் கல் மட்டும் கட்டுமானப் பொருள் கடையிலோ வார்க்கும் ஆலையிலோ வாங்குவது நல்லது. அங்கே ஒரே தொகுதிக் கல் மொத்தமாகக் கிடைக்கும், நிறம் மாறாது. ஆள் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம், கார் ஏறும் இடத்துக்கு 80. பளபளக்கும் டைலை வெளியில் போட்டு வைப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் பாசி பிடித்தால் அது சறுக்கு மரம். பெரியவர்கள் துணி காயப் போடப் போகும் வழியில் அதற்கு இடமே இல்லை.

பிரச்சினை கல்லில் இல்லை, அதற்குக் கீழே. மொத்த விலைக் கொட்டேஷனில் பெரும்பாலும் ஒரே வரி இருக்கும்: "இன்டர்லாக் பதித்தல், இத்தனை சதுர அடி, மணலோடு." அந்த "மணலோடு" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மேல் மண்ணைச் சுரண்டி, மணலைக் கொட்டி, அதன் மேல் கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்காலம் முடியும்போது நடை விழும் இடமெல்லாம் குழிந்து, தண்ணீர் தேங்கி நிற்கும். தேங்கிய தண்ணீர் இங்கே வெறும் அழகுக் குறை இல்லை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்காரருக்குத்தான் அபராதம், கல் பதித்தவருக்கு இல்லை.

கேட்டு வாங்க வேண்டிய அடுக்கு இது: தோண்டிய தரையைக் காம்பேக்டரால் (அதிர்ந்து தரையை இறுக்கும் மெஷின்) இறுக்குதல். செம்மண்ணானால் அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. அதற்கு மேல் இறுக்கிய பின் 100 மி.மீ. வரும்படி கிரஷர் ரன், அதாவது தூளோடு கலந்த உடைகல் ஜல்லி. அதன் மேல் 30 மி.மீ. கழுவிய கரடுமுரடான மணல், பிறகு கல். துணி இல்லாவிட்டால் ஈரச் செம்மண் மெல்ல மேலேறி ஜல்லிக்குள் புகும், ஜல்லி கீழே அமிழும். இரண்டு வருடத்தில் அடித்தளம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. மணலுக்குப் பதில் குவாரித் தூளைப் போடுவது இன்னொரு குறுக்கு வழி. விலை குறைவு, மட்டம் பிடிக்க எளிது, அதனால் வேலையாட்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நுண்தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குழம்பாகும், கல் ஆடும். சிமெண்டைக் கலந்த உலர் கலவை மேல் பதிக்கிறோம், அதுதான் உறுதி என்பார்கள் சிலர். கீழே கான்கிரீட் தளம் இருந்தால் சரி. வெறும் மண் மேல் அந்தக் கலவை மெல்லிய அப்பளமாகத்தான் நிற்கும், தரை அசைந்ததும் துண்டு துண்டாக உடையும்.

ஓரக் கட்டு இல்லாத கல்தளம் பக்கவாட்டில் நகரும், இணைப்பு விரியும், மணல் கழுவிப் போகும். ஓரக் கல்லை நட்டு அதன் பின்புறம் கான்கிரீட் அணைத்திருக்க வேண்டும். கொட்டேஷனில் இது மீட்டர் கணக்கில் தனி வரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி. 20 அடிக்கு 16 அடி பின்பக்கம், 320 சதுர அடி. அதில் 120 உட்காரும் தளம், 60 பாதை, மீதி 140 புல். கல் பதிக்கும் இடம் 180 சதுர அடி, அதாவது 16.7 சதுர மீட்டர். 200-க்கு 100 மி.மீ. கல் சதுர மீட்டருக்கு 50. வெட்டுச் சேதம் சேர்த்து 880 கல். கிரஷர் ரன் இறுகிய நிலையில் 1.67 கன மீட்டர். லோரியில் தளர்வாக வருவதால் 2.2 கேட்க வேண்டும். மணல் 0.5, இணைப்புக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 0.65. புல்லுக்கு மண் 1.3 கன மீட்டர். இதை 20 லிட்டர் மூட்டையாக வாங்கினால் 65 மூட்டை, ஆகவே லோரியில் மொத்தமாக இறக்குவதே மேல்.

எல்லாரும் மறப்பது வெளியே போகும் மண்ணை. கல், மணல், கிரஷர் ரன் மூன்றுக்குமாக 190 மி.மீ. ஆழம் தோண்டினால் 3.2 கன மீட்டர்; தோண்டிய மண் உப்பி 4-ஐத் தாண்டும், எடை ஐந்தரை டன்னுக்கு மேல். "மண் அப்புறப்படுத்தல் உட்பட" என்று சிறு லோரி ஒரு நடைக்கு விலை போட்டிருந்தால் மீதி மண் எங்கே போகும்? புல் போட வேண்டிய இடத்தில் பரப்பப்படும், அல்லது பின் சந்தில் கொட்டப்பட்டு வீட்டுக்காரர் பெயரில் புகார் வரும். இடைவரிசை வீடானால் இத்தனையும் வரவேற்பறை வழியாகவோ பின் சந்து வழியாகவோ தள்ளுவண்டியில் போக வேண்டும். அந்தக் கூலியை முன்கூட்டியே பேசாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

தண்ணீர் ஓட விடும் சரிவான வாட்டம் பற்றி ஆட்களிடம் எண்ணில் பேசுங்கள். வீட்டிலிருந்து வெளிப்புறமாக 80-க்கு 1. மூன்று மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் இறக்கம். தளத்தின் மேல்மட்டம் சமையல்கட்டுத் தரையைவிட 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பழைய சிமெண்டு மேலேயே கல் ஏற்றினால் இந்த இடைவெளி போய்விடும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வரும் மாலை மழையில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டும், கரையானுக்கும் சுவர் ஏற வழி கிடைக்கும். வீடு கட்டும்போது சுவரோரம் கரையான் மருந்து இறக்கியிருந்தால், அங்கே தோண்டுவது அந்தத் தடுப்பை உடைக்கும். தோண்டினால் மூடும் முன் மறுபடி மருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைச் சுற்றி ஓடும் சிறு லோங்காங்கைக் கல்லால் மூடித் தளத்தை அகலமாக்குவது இங்கே மிகப் பிடித்தமான யோசனை. செய்து தருகிறேன் என்று உடனே தலையாட்டும் ஆளை நம்ப வேண்டாம். உள்ளே இலை அடைத்தால் திறக்க வழியில்லை, எலிக்கும் கொசுவுக்கும் வாடகையில்லாத வீடு. தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போடலாம். அதேபோல் கழிவுநீர் மேன்ஹோல் பின்பக்கத்தில் இருந்தால் அதன் மேல் கல்லையோ புல்லையோ பரப்பக் கூடாது. கல்லை உள்வாங்கிப் பதிக்கும் குழிவு மூடி கிடைக்கிறது, அடைப்பு வந்தால் திறக்கவும் முடியும். வீட்டை ஒட்டிய சிமெண்டு விளிம்பு பல தாமான்களில் தனியாக இறங்கிக்கொண்டே இருக்கும். புதுக் கல்லை அதோடு சிமெண்டால் ஒட்டினால் அதுவும் கூடவே இழுபடும். இடைவெளி விட்டு மணலோ கூழாங்கல்லோ நிரப்பினால் போதும்.

பாதைக்கு மூன்றடி அகலம் வேண்டும், துணிக் கூடையோடு ஒருவர் இடிக்காமல் போக அதுதான் அளவு. தனித்தனி நடைகல்லானால் நடுவிலிருந்து நடுவுக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்து 80 விட்டால் ஒவ்வொரு அடிக்கும் தாண்ட வேண்டும். புல்லை ஒட்டிய பாதையில் வெள்ளைக் கூழாங்கல் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும் என்பது ஒரு பக்கம். புல்வெட்டு மெஷினின் நைலான் கயிறு ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் கண்ணாடிக் கதவு போகும். புல் மண்ணைத் தளத்தைவிட ஒன்று இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாக வையுங்கள். புல்லை மட்டப்படுத்த மேலே மணல் தூவத் தூவப் புல் தரை உயரும். முதல் நாளே சமமாக வைத்தால் பிறகு தண்ணீர் தளத்திலேயே நிற்கும்.

வேலி ஓரம் கறிவேப்பிலை வைக்க நினைப்பவர்களுக்கு: அதன் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிக் கல் இணைப்புகளைப் பிளந்துகொண்டு வரும். தளத்திலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது பெரிய தொட்டியில்.

கல் பதித்து முடிந்ததும் காம்பேக்டர் மேலே ஓட வேண்டும், நுண்மணலை உலர்ந்த நிலையில் பெருக்கி இணைப்பில் இறக்க வேண்டும், ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறை நிரப்ப வேண்டும். இந்த இரண்டாம் வருகை கொட்டேஷனில் இருப்பது அபூர்வம். ஆனால் இணைப்பு காலியாக இருந்தால் எறும்பு மணலை வெளியே தள்ளும், களை முளைக்கும். வாட்டர் ஜெட்டால் பாசி கழுவுபவர்களும் கழுவிய பின் மணலை மறுபடி நிரப்ப வேண்டும். புதுக் கல்லில் வெள்ளையாகப் பூக்கும் உப்புக்குப் பயந்து அமிலம் ஊற்ற வேண்டாம், மழையிலேயே நாளடைவில் போய்விடும்.

பணம் எப்படிக் கொடுப்பது? மொத்தத்தையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். பொருள் இறங்கியதும் ஒரு பங்கு, கிரஷர் ரன் இறுக்கிய பின் கண்ணால் பார்த்து, அளவு நாடா வைத்து ஒரு பங்கு, முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பத்து விழுக்காடு ஒரு கனமழை கழிந்த பிறகு. மழை வராவிட்டால் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் கழித்தும் குட்டை நின்றால் கல்லைத் தூக்கி மறுபடி பதிக்கச் சொல்லலாம். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வழக்கை எடுக்கும், வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் ரசீதும் கொட்டேஷனும் இல்லாமல் அங்கே போய்ப் பேச எதுவும் இருக்காது. வேலி போட்ட குடியிருப்பானால் நிர்வாகத்தின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

மற்றபடி, சுங்கை பூலோவுக்கு வார நாள் காலையில் போங்கள். ஞாயிறன்று கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே வெயில் ஏறிவிடும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் கடை முழுக்க எலுமிச்சைத் தொட்டிகளும் பூக்களும்தான். புல்லுக்கு லோரி கிடைப்பதும் கடினம், விலை பேசவும் ஆளிருக்காது. பின்பக்கத்தின் அளவு, வெயில் விழும் நேரம், வாசல் அகலம், லோரி எவ்வளவு தூரம் வரை வரும், இந்த நாலையும் தாளில் எழுதிக்கொண்டு மூன்று கடையில் கேளுங்கள். புல், மண், பதிக்கும் கூலி, லோரி நான்குக்கும் தனித்தனி விலை சொல்லும் கடையில் வாங்குங்கள்.